கரியில்லா உலையில் ஒரு வாரிக் கரி

இருபத்தாறு ஆண்டுகள் ஊதுலையின் வாயிலில் நின்றவரை இரும்பாலையில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கரிக்கையர் என்றாலே தெரியும். பொங்கும் உலையைக் கைநிறைய ஒரு வாரிக் கல்கரி வீசி அடக்குவதில் அவருக்கு நிகர் அவரே.

ஊதுலை மூடப்பட்டபின் அதே கொட்டகையில் வேறோர் உலை எழுந்தது. அதற்குத் தீயும் இல்லை, கரியும் இல்லை. உருகிய தாதுக்குழம்பின் ஊடே மின்சாரம் பாயும். அந்த வெம்மையிலேயே குழம்பு உறையாது நிற்கும். இரும்பு அடியில் படியும்; மேலே தொங்கும் மின்தண்டைச் சுற்றி உயிர்வளி குமிழ்குமிழாய்க் கிளம்பும். கரியமிலவாயு சிறிதும் வாராது என்பதே அதன் பெருமை.

அதை மெய்ப்பிக்க மூன்று நாள் சோதனை வைத்தார்கள். வாயுமானி மூன்று நாளும் கரி காட்டாவிட்டால் உலை நிலைக்கும். பழைய ஆட்களுள் இருவரை மட்டும் புது உலைக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மையார் எடுத்திருந்தார்: உலைவாயிலுக்குக் கரிக்கையர், வாயுமானிக்கு அவர் மைத்துனன்.

இரண்டாம் நாள் பிற்பகல் குழம்பு பொங்கி, நுரை விளிம்பைத் தொட்டது. தண்டைச் சற்றே உயர்த்தினால் போதும். பயிற்சியில் பலமுறை செய்ததுதான். ஆனால் கை அறிவைக் கேளாமல், மூலையில் கிடந்த பழைய கல்கரி மூட்டைக்குப் போயிற்று. ஒரு வாரி வீசினார். நுரை பணிந்தது. கரிக்கையர் அரை நிமிடம் மகிழ்ந்தார்.

"அத்தான்! என்னத்த போட்டீங்க? முள்ளு குதிக்குது!" என்று மைத்துனன் அலறினான்.

"நுரை அடங்கிச்சா இல்லையா?"

"அடங்கிச்சு. நம்ம பொழப்பும் கூடவே அடங்கிடும். கரியே இல்லாத உலைன்னு வாசல்ல பலகை மாட்டியிருக்கு, நீங்க உள்ள வந்து கரியக் கொட்டுறீங்க!"

"கத்தாதடா."

"சரி, வாயத் தொறக்காதீங்க. என்னன்னே தெரியலன்னு சொல்லிடறேன். இல்லன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

அதற்குள் அம்மையார் வந்து மானியின் தாளைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"தண்டுலதான் கோளாறு. அதுலதான் கரி கலந்திருக்கணும். மின்சாரத்த நிறுத்திப் பிரிச்சுப் பாக்கணும்."

நிறுத்தினால் குழம்பு கல்லாய் இறுகும்; உலையையே உடைக்க வேண்டிவரும். மைத்துனன் கரிக்கையரின் காலை மிதித்தான்.

"தண்டு மேல பழி போடாதீங்கம்மா," என்றார் அவர். "நான்தான் ஒரு வாரி கரி போட்டேன். பழக்க தோஷம்."

"ஒரு மாசம் பயிற்சி குடுத்தோமே, ஐயா!"

"மண்டைக்கு ஏறிச்சும்மா. கைக்கு ஏறல."

அம்மையார் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு நேரத்தையும் அளவையும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினார். கரி எரிந்து தீர்ந்து முள் பூச்சியத்துக்கு இறங்கியதும் மூன்று நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். மூட்டையை வெளியேற்றச் சொன்னார். கரிக்கையரையும் உலைவாயிலினின்று விலக்கினார்.

புதுக் கணக்கின் மூன்றாம் நாள் மாலை சோதனை பழுதின்றி நிறைவேறியது. அப்போது உலைவாயிலில் நின்றவன் மைத்துனன். கரிக்கையர் வெளிமுற்றத்தில் தாது சலித்துக்கொண்டிருந்தார். இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறார். உலை நிலைத்ததால் அந்த வேலையும் நிலைத்தது.