மழைக்குக் கரையாத நாற்காலி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவருக்கு மண் டீச்சர் என்ற பெயர் வந்திருக்காது. வடிவமைப்புக் கல்லூரியில் பல வருடங்களாகத் தற்காலிக ஆசிரியை. பிளாஸ்டிக் நாற்காலி வரையச் சொல்லித் தருபவர். பாரம்பரிய அறிவையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்த அன்று, கூட்டத்தில் எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருக்க, "எங்க மாமா மண் சுவர் வைப்பாரு சார்" என்று சொல்லிவைத்தார். முதல்வர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப பாடம் உங்களுது. ஆய்வுக் குழுவுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வேலை நிரந்தரம். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்த டீச்சருக்கு மண் என்றால் பூந்தொட்டிதான். அன்று மாலையே மாமாவுக்குப் போன் போட்டார்.

"வைக்கோலைக் கலந்து ஊற வைம்மா, வாடை வரணும். கூரை மட்டும் போடாம விட்டுறாத. ஒரே மழைக்காலத்துல மண்ணோட மண்ணாப் போயிடும்."

மாமா சொன்னது எச்சரிக்கை. டீச்சர் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு மறுநாள் பலகையில் எழுதினார்: செய்த பொருள் மழைக்காலம் முடிவதற்குள் மண்ணாகிவிட வேண்டும், மிஞ்சினால் பூஜ்யம்.

மாணவர்கள் நாற்காலி செய்தார்கள். வகுப்பறை நாறிய நாற்றத்தில் பக்கத்து அறைப் பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தினார். தொடங்கிவைக்க வந்த முதல்வரும் ஆசைப்பட்டு, தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று செய்தார். எல்லாவற்றையும் வெட்டவெளியில் வைத்துப் பெயர்ப் பலகை நட்டார்கள்.

குழு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. பலகைகள் இருந்தன, பக்கத்தில் வெறும் தரை, கொஞ்சம் புல். பாடம் ஜெயித்துவிட்டது, காட்டத்தான் எதுவும் இல்லை. குழுத் தலைவி குனிந்து புல்லைத் தடவி, "நல்ல வேலைப்பாடு" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள், பாவம்.

கடைசியில் மட்டும் ஒரு நாற்காலி அசையாமல் நின்றது. முதல்வருடையது. அதன் பலகை மட்டும் காற்றில் போயிருந்தது.

"இது யாரோடது?"

உண்மையைச் சொன்னால் முதல்வருக்குப் பூஜ்யம்; அப்புறம் வேலை எங்கே நிரந்தரமாவது? தன் தலையிலேயே விழட்டும் என்று, "என்னுதுதாம்மா" என்றார் டீச்சர்.

"அடேயப்பா, என்ன உறுதி! பாக்கறதுக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதான்." தலைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாராட்டு நீள நீள முதல்வரின் முகம் சிறுத்தது. கடைசியில் அவரால் தாங்க முடியவில்லை.

"மேடம், அது நான் செஞ்சது!"

தலைவி நாற்காலியைப் புரட்டினார். சிமெண்ட் கலந்த மண்பூச்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பல்லிளித்தது. டீச்சருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது தான் வகுப்பில் வரைந்துகாட்டிய அதே வடிவம். சொன்ன பொய்யில் பாதி மெய்யாகிவிட்டது.

கையிலிருந்த பாடத்திட்டத்தைப் பார்த்து, கரைந்ததெல்லாம் தேர்ச்சி, மிஞ்சியது பூஜ்யம், விதி விதிதான் என்றார் தலைவி. டீச்சருக்கு வேலை நிரந்தரமானது, முதல்வருக்குப் பூஜ்யம் விழுந்தது. அடுத்த பருவத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து மண் பிசைந்த முதல்வர், முழங்கை வரை சேறான கையைத் தூக்கினார்.

"மேடம், தண்ணி போதுமா?"

டீச்சர் எட்டிப் பார்த்தார். சத்தியமாகத் தெரியவில்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மாமாவுக்குப் போன் போட்டார்.