வளைவுக்கு அடியில் அடுக்கிய சிமெண்ட்

பள்ளிக்கூடத்து ஆயாவை எல்லோரும் ‘மணியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மணியடிப்பது, பெருக்குவது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது என்று பதினாறு வருடம் ஓடிவிட்டது. மகள் எட்டாவது. அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஒன்பதாவது படிக்க ஆற்றைத் தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டும். வேலையைப் போட்டுவிட்டு யார் கொண்டுபோய் விடுவது? அதனால் இரண்டு புது வகுப்பறைகளுக்கு உத்தரவு வந்தபோது, பெரிய டீச்சரைவிட இவளுக்குத்தான் வாயெல்லாம் பல்.

சிக்கல் வாசலில் நின்றது. நூறு வருடத்துக் கல் வளைவு. ‘தம் பிள்ளைகளின் கல்விக்கு இவ்வூரார் செய்த உதவியின் நினைவாக’ என்று அதன் நெற்றியில் வெட்டியிருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னம். உள்ளே போக வேறு வழியும் கிடையாது. லாரி அதற்குள் நுழையவில்லை.

“ரோட்டுலதான் இறக்குவேன்,” என்றார் கான்ட்ராக்டர். “தூக்க எனக்கு ஆள் இல்ல. உள்ள வந்தா வேலை நடக்கும்.”

மணியக்கா தெருவில் வீடுவீடாக ஏறினாள்.

“நான் கல்லு சுமந்தா உன் பொண்ணு டாக்டராயிடுவாளாடி?” என்றாள் நாத்தனார்.

“உங்க பொண்ணும் ஏழாவதுதானே அண்ணி. பேசுற நேரத்துல சும்மாட்டைச் சுத்துங்க.”

பதினோரு பெண்கள் சுமந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது சிமெண்ட் மூட்டை இன்னும் ரோட்டில்.

“வளைவுக்கு அடியில அடுக்குங்கடி!” என்று கத்தினாள் மணியக்கா. தூணைச் சுற்றிக் கயிறு கட்டித் தார்ப்பாயும் இழுத்துவிட்டாள். ஒரு மூட்டைகூட நனையவில்லை.

மறுநாள் சின்னங்களைப் பார்க்கும் அதிகாரி வந்தார்.

“இதென்ன குடோனா? யாரு அடுக்கச் சொன்னது?”

“நான்தாங்க ஐயா. மழைங்க...”

தூணில் கயிறு உரசிய வெள்ளைக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார். வேலையை நிறுத்தச் சொல்லி மாலையே கடிதம் வந்தது. விசாரணை நாலு மாதம் இழுத்தது. அதற்குள் அந்த இரண்டு வகுப்பறைகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டன.

“கரைஞ்சு தொலையட்டும்னு விட்டிருக்கலாம்,” என்றாள் நாத்தனார். அவளும் மூன்று நாள் கழுத்து வலியில் கிடந்தவள்தான்.

கோடை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, துணிக் கம்பெனி வேனுக்காக மகளுக்குத் தலை பின்னினாள் மணியக்கா.

“வயசு கேட்டா?”

“பதினாறு.”

“எந்த வருஷம் பொறந்தேன்னு கேட்டா?”

மகள் விரல்கூட மடக்காமல் கழித்துச் சொன்னாள். கணக்கில் அவள்தான் எப்போதும் வகுப்பில் முதல்.