கரடிமனை மண்

காவலாளி வேலையை உதறிவிட்டு மைசூரில் மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்தேன். தினமும் பதினாறு மணி நேரம் நாற்காலியில் கிடந்து உடம்பு ஊதிவிட்டது. குஸ்தி பழகும் கரடிமனையைக் கடந்தபோது, எண்ணெயும் மஞ்சளும் கலந்த செம்மண் வாசனை வந்தது.

சின்ன வயதில் அப்பாவின் முதுகில் இருந்த வாசனை அது. பகலெல்லாம் மண்டியில் மூட்டை தூக்குவார். பிறகு கரடிமனைக்குப் போய் மண்ணைக் கொத்திப் புரட்டி, தண்டால் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

“தூக்குன மூட்டை பத்தலீங்களாக்கும்?” என்று அம்மா சீண்டுவாள்.

“அது முதலாளிக்கு, புள்ள. இது எனக்கு” என்று சொல்லிவிட்டு, இன்னொரு உருண்டை களி கேட்பார்.

எனக்கென்று ஒரு மணி நேரத்தைக்கூட நான் வைத்துக்கொண்டதில்லை.

மறுநாள் காலை ஒரு பழக்கடையில் வேலை கேட்டேன்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்ருவீங்களாண்ணா?”

“ஆறாகும்ப்பா.”

“அஞ்சுன்னா இப்பவே கூடையைத் தூக்கறேன்.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாதுளைக் கூடையைக் காட்டினார்.