ஞானப்பா வீட்டிலிருந்த பாஸ்புக்

என் அம்மாவின் சம்பளத்தை மாதாமாதம் முதலில் எண்ணிப் பார்த்தவர் என் ஞானத்தகப்பன். அவர் எண்ணி, தனக்குரியதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது அம்மா கைக்கு வரும்.

ஞானத்தகப்பன் என்றால், நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் என்னை ஏந்திக்கொண்டு நின்றவர். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டதற்கு, விட்டுவிடுகிறேன் என்று எனக்காகப் பதில் சொன்னவர். அம்மாவுக்குப் பெரியம்மா மகன், அதனால் அண்ணன் முறை. நான் ஞானப்பா என்று கூப்பிடுவேன். கோட்டையூரில் வீடு. தொழில் என்னவென்று யாராவது கேட்டால் விவசாயம் என்பார். அவர் மண்வெட்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை.

கதை எங்கள் கொல்லைக்காட்டில் தொடங்கியது. கண்டரமாணிக்கம் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. போர் போட்டால் தண்ணீர் வரும் என்று யாரோ தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல, அப்பா லாரியை வரவழைத்துவிட்டார். இன்னும் நூறடி, இன்னும் நூறடி என்று இறக்கிக்கொண்டே போனதில் வந்தது வெறும் பாறைத்தூள். கூலியைக் கொடுக்காமல் லாரி நகராது என்று போர்க்காரர்கள் அடுப்பைக் கூட்டிச் சோறாக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குப் பதினைந்தாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஞானப்பா. தண்ணீர் வரும் முன்பே வாங்கி வைத்த ஆயில் மோட்டாரும் அந்தப் பணத்தில் அடக்கம்.

பத்திரம் எதுவும் எழுதவில்லை. நமக்குள்ள எதுக்கு எழுத்து என்றார். அதற்குப் பதிலாக அம்மாவின் பாஸ்புக்கையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்குகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா உதவிபெறும் பள்ளியில் டீச்சர். சம்பளம் காரைக்குடி பேங்கில் விழும். ஒன்றாம் தேதி ஞானப்பா மஞ்சப்பையோடு போய், செக்கில் தொகையை எழுதி முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு வருவார். பள்ளிவிட்டு அம்மா கோட்டையூருக்குப் பஸ் ஏறிப் போய், அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மிச்சத்தை வாங்கி வருவாள். நூற்றுக்கு ஐந்து ரூபாய், அதுவும் மாதத்துக்கு. வட்டி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "அந்த வகைக்கு எடுத்துக்கிட்டேன் தங்கச்சி" என்பார். மாதம் எழுநூற்றைம்பது ரூபாய், அந்த வகைக்கு.

எங்கள் பக்கம் ஞானத்தகப்பனிடம் கணக்குக் கேட்பது என்பது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு ரசீது கேட்பது மாதிரி. யாரும் கேட்கமாட்டார்கள். அது தெரிந்துதான் அவர் சொந்தத்துக்குள்ளேயே தொழிலை வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஞானப்பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும், அது முறை. அவர் ஒரு வருஷமும் தவறியதில்லை. புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது எனக்குத் தோடு போட்டவரும் அவர்தான். துணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு என் தலையில் சிலுவை போடுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு முழங்கால் போடுவேன்.

பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. லைப்ரரியில் பணத்தைப் பற்றி வரும் பத்திரிகை எதையும் விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாளுக்குக்கூடக் கூட்டு வட்டியை விளக்கியிருக்கிறேன். அந்த அம்மாள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிப் போய்விட்டார். அப்படி ஒருநாள் எங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் முப்பத்தாறாயிரம் போயிருந்தது. பதினைந்தாயிரம் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அசலைக் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். மொத்தமாக வந்தால்தான் அசல் என்பது அவருடைய சட்டம். மொத்தமாக எங்களுக்கு எங்கிருந்து வரும்? மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர்தான் எடுத்துக்கொள்கிறாரே. இது எனக்கு விளங்கிய அன்றைக்கு அவர் கொடுத்த கிறிஸ்துமஸ் துணியைப் போட்டிருந்தேன். என் அம்மா காசில் வாங்கிய துணியை இன்னொருவர் பேரில் உடுத்தியிருக்கிறேன் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

வழி இருந்தது. அம்மாவின் பி.எஃப். பணத்தில் கடன் எடுக்கலாம். பன்னிரண்டாயிரம் கிடைக்கும். மாதம் நானூறு ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள், பிடிப்பதும் அம்மாவின் பி.எஃப். கணக்கிலேயே போய்ச் சேரும். இதை நான் சொன்னபோது வீட்டில் யாரும் கை தட்டவில்லை. கடன் கொடுத்தவனைக் கணக்குக் கேட்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன் என்று அப்பா எழுந்து போனார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா, கரும்பலகையைப் பார்ப்பதுபோல் என் தாளைப் பார்த்துவிட்டு, விடை சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

அதோடு விடாமல் நச்சரித்து விண்ணப்பத்தை வாங்கிவந்தேன். அதில் காரணம் எழுத ஒரு கட்டம். வட்டிக்காரனிடமிருந்து தப்பிக்க என்று எழுத முடியாது. வீட்டு மராமத்து என்று எழுதச் சொன்னேன். பொய் எழுத மாட்டேன் என்றாள் அம்மா. இரண்டு நாள் அந்தத் தாள் அலமாரியில் கிடந்தது. மூன்றாம் நாள் அப்பாவிடம் சுண்ணாம்பும் மட்டையும் கொடுத்து முன்பக்கச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். அப்பா முனகிக்கொண்டே அடித்து முடித்தார். சுவர் காய்ந்த பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

கடன் பாஸாகிவிட்டது என்று பள்ளியில் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பணம் அம்மாவின் கணக்கில் விழும். பாஸ்புக்கும் கையெழுத்துப் போட்ட செக்குகளும் ஞானப்பாவிடம். அவர் நினைத்தால் பன்னிரண்டாயிரத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த வகைக்கு என்று சொல்லிவிடலாம். அந்த செக்குகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றேன். காணாமல் போய்விட்டதாக எழுதினால் வேலை சுலபம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள் அம்மா. "தெரிஞ்சதத் தெரியாதுன்னு எழுதவா?"

பணம் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் எழுதினாள். அந்தக் கடிதத்தையும் மேனேஜரிடம் கொடுக்கவில்லை. மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மூவாயிரம் குறைந்தது. ஆயில் மோட்டார் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதைத் தொட்டால் நடப்பதே வேறு என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். இன்னொரு போர் போடுகிற ஆசை அவருக்கு விடவில்லை. அம்மா சத்தம் போடவில்லை. "ஒண்ணாந்தேதிக்கு இனி நீங்க கோட்டையூர் போய் உக்காந்து வாங்கிட்டு வாங்க. எனக்கு முட்டி வலிக்குது" என்றாள். அப்பா அன்று சாயங்காலம் மோட்டாரை ஆயிரத்து எண்ணூறுக்குத் தள்ளிவிட்டு வந்தார். பணத்தை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, இப்பச் சந்தோசமா என்றார். சந்தோஷம்தான் என்றேன். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அம்மாவும் கோட்டையூர் போனோம். ஞானப்பா வரவேற்ற விதத்தில் குறையில்லை. "வாங்க டீச்சரம்மா. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள இங்குட்டு?" என்றார். ஞானம்மா, அவர் மனைவி, காப்பி கொண்டுவந்தாள். நான் தொடவில்லை.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். நாளைக்குப் பன்னிரண்டாயிரம் பேங்கில் விழும், அதற்கு ஒரு செக் எழுதித் தருகிறேன், ஆயிரத்து எண்ணூறு கையில் இருக்கிறது, மிச்சம் ஆயிரத்து இருநூறை அடுத்த சம்பளத்தில் தருகிறேன், பாஸ்புக்கும் மற்ற செக்குகளும் வேண்டும் என்றாள்.

அவர் சிரித்தார். பணம் விழட்டும், நானே எடுத்துக்கொண்டு மிச்சம் எவ்வளவு என்று சொல்லுகிறேன், புத்தகம் இங்கேயே இருக்கட்டும், உங்கள் வீட்டில் கரையான் அரிக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் பாப்பா போட்ட கணக்கா? காலேஜில இதத்தான் சொல்லித் தாராகளா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஹேண்ட்பேக்கிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மேனேஜருக்கு லெட்டர் எழுதி வச்சிருக்கேன் அண்ணே. குடுக்க வேணாம்னுதான் நெனைக்கிறேன்."

அவர் பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் இருந்த அண்ணன் இறங்கிப்போய் வட்டிக்காரன் மட்டும் மிஞ்சினான். ஆபத்துக்கு ஓடிவந்தவனுக்கு நீ செய்யும் மரியாதை இது என்றார். உன் புருஷன் போர்க்காரன் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றானே, அன்றைக்கு எந்த மேனேஜர் வந்தான் என்றார். அது உண்மைதான். அம்மா தாளைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் ஞானம்மாவைப் பார்த்து, பீரோவில் இருப்பதைக் கொண்டுவரச் சொன்னார்.

ஞானம்மா கொண்டுவந்த செக்குகளில் ஒன்றை உருவி, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தொகையை எழுதக் குனிந்தார்.

"குடுங்கண்ணே. தொகைய நான் எழுதுறேன்" என்றாள் அம்மா.

எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே கையெழுத்து, பெரிதாக, ஒவ்வொரு சுழியும் தனித்தனியாக. ஆனால் பாஸ்புக்கின் மேலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு இன்னும் நிற்கிறது, மொத்தமாக வந்தால்தான் அசல் என்றார்.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. இரண்டு காதிலும் திருகாணியைக் கழற்றித் தோட்டை மேசையில் வைத்தேன். மூன்று கிராம்.

"இது நீங்க போட்டது. இன்னைக்கு வெலைக்குச் சரியா இருக்கும். வரவு வச்சுக்கங்க ஞானப்பா."

ஞானம்மா, பிள்ளை தோட்டைப் போய் வாங்குவீகளா என்று மெதுவாகச் சொன்னாள். வாங்கமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். எவ்வளவு கேவலமானவராக இருந்தாலும் ஞானஸ்நானத்துக்கு ஏந்திய பிள்ளையின் காதுத் தோட்டைக் கையில் எடுக்கக் கூசும் என்று நினைத்தேன். அவர் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு திருகாணி மேசைக்கடியில் உருண்டிருந்தது, அதையும் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பாஸ்புக்கையும் மிச்ச செக்குகளையும் எங்கள் பக்கம் தள்ளினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா டிக்கெட் எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் சொன்னதற்கு, இனிமேல் ஒரு ஆபத்து என்றால் ஓடுவதற்கு யாரும் இல்லை, அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வை என்றாள். பாராட்டு வரும் என்று காத்திருந்த எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் கணக்குப் போட்டேன். எழுநூற்றைம்பது போகாது; பி.எஃப்.புக்கு நானூறு போனாலும் முந்நூற்றைம்பது மிஞ்சும்.

அடுத்த ஒன்றாம் தேதி அம்மா பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டாள். காரைக்குடிக்குப் போய், பாஸ்புக்கை நீட்டிச் சம்பளத்தை அவளே எடுத்தாள். கவுண்டரை விட்டு நகராமல் எண்ணினாள். அதே பேங்கில் மாதம் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு வருஷ ஆர்.டி. போட்டாள். அந்த விண்ணப்பத்தில் காரணம் எழுதக் கட்டம் எதுவும் இல்லை. நான் காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

திரும்பினால் வரிசையில் ஞானப்பா. மஞ்சப்பையைக் கக்கத்தில் வைத்திருந்தார். பை விரிந்த இடத்தில் பாஸ்புக்குகளின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அத்தனையும் யாரோ டீச்சர்களுடையது, கிளார்க்குகளுடையது. எல்லாரும் சாயங்காலம் அந்த முன்னறையில் போய் உட்காருவார்கள்.

என் காதைப் பார்த்தார். சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "என்ன பாப்பா, காது மூளியாக் கெடக்கு? வீட்டுல வசதிப்படலையா?" என்றார்.

எனக்கு முந்தி அம்மா பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஆர்.டி. போட்டுருக்கேன் அண்ணே. அடுத்த வருசம் அது முடிஞ்சதும் போட்டுக்குவா. தோடு உங்க சட்டப் பையில இருக்குன்னு இங்க யாருகிட்டயும் நாங்க சொல்லல." பிறகு மஞ்சப்பையைப் பார்த்தாள். "பைய இறுக்கிப் பிடிச்சுக்கங்க. அத்தனை பேருக்கும் லெட்டர் எழுத எம்புள்ளைக்கு இப்பத் தெரியும்."

வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஞானப்பாவின் கை பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தது. நாங்கள் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா ஹேண்ட்பேக்கைத் திறந்து, பாஸ்புக் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து மூடினாள்.