ஒற்றை ஆள் பார்த்தால் செல்லாத மரங்கொத்தி

மரங்கொத்தி தேடும் வேலையில் முதலில் கெடுவது கழுத்து, அடுத்தது கல்யாணப் பேச்சு. டெலிபோனுக்கு மனுப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் வாசலையே பார்த்திருந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். என் பாடும் அதேதான். நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள், நான் மரத்தைப் பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் இதற்குச் சம்பளமும் வாங்கினேன் என்று சொன்னால் திண்டுக்கல்லில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

ஆசையும் பறவையும்

விலங்கியல் படித்து முடித்துவிட்டு, மாமாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போவதா வேண்டாமா என்று இருந்த நேரத்தில் ஒரு பறவைக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை கிடைத்தது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களை ஒட்டிய மலைக்காட்டில் பெரிய கருப்பு மரங்கொத்தி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காக்கை அளவு இருக்கும். உடம்பு கருப்பு, வயிறு வெள்ளை, ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. மார்ச் முடிவதற்குள் அது அங்கே இருப்பது உறுதியானால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை. இல்லையென்றால் ஆணி.

துணைக்கு அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பாண்டியண்ணனைக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தந்த படிவத்தின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. அபூர்வப் பறவை என்றால் இரண்டு பேரும் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் சார் இந்தக் கெடுபிடி என்று எங்கள் அதிகாரியிடம் கேட்டேன்.

"ஒருத்தர் பாத்தா அது ஆசை, தம்பி. ரெண்டு பேர் பாத்தாத்தான் அது பறவை" என்றார்.

அகரத்துத் தென்னந்தோப்பு

நான் மரங்கொத்தி தேடும் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அகரத்தில் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், "எங்க தோப்புல தினம் வருதே, நாளைக்கே வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுத்தால் மரியாதை இல்லை என்று போனேன். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்தார். சொன்ன நேரத்துக்குச் சரியாக ஒரு மரங்கொத்தி வந்தது. நம் ஊர்த் தென்னைகளில் எல்லாரும் பார்த்திருக்கும் பொன்முதுகு மரங்கொத்திதான்.

"ஐயா, இது இல்லங்க. நான் தேடுறது வேற" என்று இழுத்தேன். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. மரங்கொத்தியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இம்புட்டு அழகா வந்து நிக்கிறதப் பாக்க மாட்டீக, வராததத் தேடி மலைக்குப் போவீக. நல்ல உத்தியோகம்தான் போங்க."

நாற்பத்தோரு மரம்

டிசம்பரில் ஒரு காலை, தோட்டத்துக்கு மேலே காட்டோரத்தில் டொக், டொக் என்று கனமான சத்தம். கருப்பு மரங்கொத்தி கொத்தினால் கோடாலி விழுகிற மாதிரி கேட்கும் என்று படித்திருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாண்டியண்ணன் மட்டும் அசையவில்லை. "தம்பி, இது சோறு திங்கிற ஆளு போடுற சத்தம்" என்றார். படித்தவன் நானா அவரா என்ற திமிரில் உண்ணிச்செடிப் புதருக்குள் தவழ ஆரம்பித்தேன். சட்டை கிழிந்து, காலில் அட்டைகள் குடியேறி, அரை மணி நேரம் கழித்துப் புதரை விலக்கிப் பார்த்தால், தோட்டக்காவலர் ஒருவர் சில்வர் ஓக் மரங்களுக்கு நம்பர் தகடு அடித்துக்கொண்டிருக்கிறார்.

புதருக்குள் பைனாகுலரோடு கிடந்த என்னைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்தவர் போலச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரி அனுப்புன ஆளுதான? எண்ணிப் பாத்துக்கங்க, காலையில இருந்து நாப்பத்தோரு மரம் அடிச்சிருக்கேன்."

ரெட்டியார்சத்திரத்தில் பஜ்ஜி

ஜனவரியில் அம்மா எனக்கு ரெட்டியார்சத்திரத்தில் பெண் பார்த்தார். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், எதையும் கேள்வி கேட்டே தெரிந்துகொள்கிறவர். அந்தப் பறவை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்றார். பிடிக்க மாட்டோம், பார்த்துவிட்டு எழுதி வைப்போம் என்றேன். கிடைக்காவிட்டால் என்றார். கிடைக்கவில்லை என்று எழுதி வைப்போம் என்றேன். பஜ்ஜித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். அம்மா என்னை ஏன் பெற்றோம் என்பதுபோலப் பார்த்தார்.

பெண் ஸ்டெல்லா மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே எழுந்து போனாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று, மறைப்பானேன். வாத்தியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"மார்ச்சுக்குள்ள அது கெடச்சு வேலை நிலைச்சா சொல்லியனுப்புங்க, தம்பி. மேக்கொண்டு பேசிக்கிருவோம்."

மெழுகுவத்தி

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா அந்தோணியார் கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். காணாமல்போன சாவி, மாடு, மோதிரம் எல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அவர். மரங்கொத்திக்காக யாரும் அவரிடம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"நெறம், அளவு, கொண்டை எல்லாம் வெவரமாச் சொல்லிட்டேன். அகரத்துல வந்த மாதிரி வேற எதையாவது கொண்டாந்து காட்டிறக் கூடாதுல்ல."

சில்லு

மார்ச் கடைசி வாரம். காட்டுக்குள் பட்டுப்போன பெரிய மரம் ஒன்றின் எதிரே மூன்று நாளாக உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலை பாண்டியண்ணன் தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினார். அவர் தலை மறைந்திருக்கும், அவ்வளவுதான். காக்கை மாதிரி ஒன்று நேராகப் பறந்து வந்து பட்ட மரத்தில் ஒட்டியது. கருப்பு உடம்பு, வெள்ளை வயிறு, தீப்பிடித்த மாதிரி சிவந்த உச்சந்தலை. கூப்பிட்டால் பறந்துவிடும். கூப்பிடாவிட்டால் சாட்சி கிடையாது. உண்மையைச் சொல்கிறேன், நான் எதையும் முடிவு செய்யவில்லை. வேலை, ஸ்டெல்லா, இரண்டு கோடு எல்லாம் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அது கொத்தக் கொத்த மரச்சில்லுகள் என் காலடிவரை வந்து விழுந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

பாண்டியண்ணன் குடத்தோடு வந்தபோது மரம் மட்டும்தான் இருந்தது. நான் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் குனிந்து ஒரு சில்லை எடுத்தார். விரல் நீளம் இருந்தது. முகர்ந்து பார்த்தார். "அதேதான். வேற எதுக்கும் இம்புட்டுப் பெரிய சில்லு பேராது" என்றார். நான் உடனே படிவத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கெஞ்சினேன். கல்யாணத்தைச் சொன்னேன். கடைசியில் கோபத்தில் நாலு வார்த்தை தடித்தும் பேசிவிட்டேன், அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"நான் சில்லத்தான பாத்தேன், தம்பி. சில்லுக்கு வேணா கையெழுத்துப் போடுறேன்."

பஸ் டிக்கெட்

வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பஸ்ஸில் அவர் முன்சீட்டிலும் நான் பின்சீட்டிலும் உட்கார்ந்து வந்தோம். அவர் கையெழுத்து என்பது 'பாண்டி' என்ற கோணல்மாணலான மூன்றெழுத்துதான். டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக வந்தது. அதற்குப் பிறகு அவருடைய பின்கழுத்தைப் பார்க்க முடியவில்லை. டிக்கெட்டைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டுவிட்டு, ஒரு கோடு காலியாகவே படிவத்தைக் கொடுத்தேன். வேலை போனது. ஏப்ரலில் மாமா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் ரெட்டியார்சத்திரத்து வாத்தியார் தேடி வந்தார். கல்லாப்பெட்டி, தராசு, கம்பிக்கட்டு எல்லாவற்றையும் திருப்தியாகச் சுற்றிப் பார்த்தார்.

"இப்பத்தான் மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொந்தக்காரங்ககிட்டச் சொல்ல முடியுது" என்றார்.

இரண்டு தேதி

கல்யாணம் முடிந்து, ஆடி மாதக் காற்றில் கடைக்குள் தூசி பறந்துகொண்டிருந்த ஒரு பகலில், பாண்டியண்ணன் வந்து நின்றார். கல்யாணத்துக்கு நான் அவரை அழைக்கவில்லை. மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நான் போன பிறகு வாரம் தவறாமல் அந்தப் பட்ட மரத்தடிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். யாரும் சம்பளம் தரவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. முந்தாநாள் காலை அது வந்திருக்கிறது.

"அந்தப் பேப்பர் இருக்கா?" என்றார். நகல் ஒன்று ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. வேலை முடிந்துபோய்விட்டது அண்ணே, இனி இது எங்கேயும் செல்லாது என்றேன். அவர் காதில் வாங்காமல் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு காலிக் கோட்டின்மேல் பெயரை எழுதினார்.

"நீங்க பாத்த தேதி உங்க பேருக்கு நேரா இருக்கட்டும். நான் பாத்த தேதிய என் பேருக்கு நேரா எழுதுங்க. ரெண்டு பேரும் பாத்தாச்சுல்ல."

அந்த ஒரு வருட உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ் அதுதான், அதைக் காட்டினால் எந்த ஆபீசிலும் உள்ளே விடமாட்டார்கள்.