ரீபூட் அடித்தது யார்?

போன புதன்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு உயிர் போய்த் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரின் உயிரா, ஜெசிந்தாவின் உயிரா என்று கேட்டால்... எனக்கும் சேர்த்துத்தான் போனது!

ஜெசிந்தா எங்கள் தெருக்காரப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது லினக்ஸ் படித்து, வீட்டிலிருந்தே சர்வர்களைக் கவனிக்கும் ஒரு பெங்களூரு வேலைக்கு முயற்சி செய்கிறாள். அன்றைக்குக் கடைசிச் சோதனை. எங்கள் முத்தையாபுரம் முழுக்கக் கரண்ட் இல்லை. என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று லேப்டாப்போடு வந்துவிட்டாள்.

கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்தது கட்டுப்பாடுள்ள கணக்கு. இந்த ஃபோல்டரைத் தாண்டக் கூடாது, இந்தச் சில கட்டளைகளைத் தவிர வேறெதுவும் ஓடாது. விண்டோவை மூடினால் சோதனை முடிந்தது, மறுபடி உள்ளே போக முடியாது. மாமியார் வீட்டில் முதல் வாரம் மாதிரி!

நீளமாக ஒரு கட்டளை அடித்தாள். என்டர் தட்டினாள்.

ஒன்றுமே வரவில்லை. மறுபடி தட்டினாள். கறுப்புத் திரை கல்லாக நின்றது.

"போச்சு அண்ணாச்சி... எல்லாம் போச்சு" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வைத்தியம் ஒன்றே ஒன்று — அணைத்துவிட்டு மறுபடி போடுவது. சும்மா இருந்தேனா? 'reboot' என்று அடித்து என்டர் தட்டினேன். அசையவில்லை. இன்னொரு தடவை. அப்புறம், கொஞ்சம் கோபமாக, இன்னொரு தடவை.

"என்ன செய்தீய? தொடாதீய அண்ணாச்சி!" என்று ஓடி வந்தாள்.

உட்கார்ந்து தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். "நெட் இருக்கு. மத்ததெல்லாம் ஓடுது. அப்போ நாந்தான் எதையோ அமுக்கியிருக்கேன். என்டருக்கு முன்னாடி என்ன அமுக்கினேன்?"

சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். கன்ட்ரோல் எஸ்! பழைய ஆபீஸில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. வரிக்கு வரி சேவ் பண்ணிப் பழகிய கை. பதற்றத்தில் அந்தக் கை தானாகப் போய்விட்டது. ஆனால், இந்தக் கறுப்புத் திரைக்கு அது சேவ் இல்லையாம், 'நிறுத்து' என்ற சைகையாம்.

"ஹார்பர்ல கிரேன்காரருக்குக் கீழேருந்து கை காட்டுவாவல்லா, அதே மாதிரிதான். நில்லுன்னா நிப்பாரு. எடுன்னு காட்டுத வரைக்கும் அசைய மாட்டாரு. எடுக்கச் சொல்லுததுக்கு கன்ட்ரோல் க்யூன்னு கிளாஸ்ல சொன்னாவ."

"ஏளா, க்யூன்னா குவிட்! என் கம்ப்யூட்டர்ல அது எல்லாத்தையும் மூடிரும்!"

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"படிச்சதை நம்பலைன்னா எதுக்குப் படிச்சேன்?" — அமுக்கிவிட்டாள்.

மடமடவென்று கொட்டியது பாருங்கள்! அவள் கேட்ட விவரம் அத்தனையும் வரிசையாக, சரியாக. வேலை எப்போதோ முடிந்திருக்கிறது, வாய்தான் கட்டியிருக்கிறது. அதற்குக் கீழே என் கைங்கரியம்: அப்படியொரு கட்டளை இங்கே இல்லை, இல்லை, இல்லை. அவள் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த கட்டுப்பாடுதான் என்னிடமிருந்து அவளைக் காப்பாற்றியது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

பதில் சொல்லாத எதையும் செத்துப்போனதாக முடிவுகட்டுவதில் நமக்கு என்ன அவசரம்? ஜெசிந்தாவைப் பற்றியும் தெருவில் அப்படித்தானே பேசினோம்... 'அவ படிப்பெல்லாம் அடுப்பங்கரையோட போச்சு' என்று?

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன். "எல்லாம் சரி. நடுவில் ரீபூட் அடித்தது யார்?"

"எங்க அண்ணாச்சி சார். நல்ல மனுஷன். பதறிட்டாவ."

திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை — வேலை நேரத்தில் அண்ணாச்சி பக்கத்தில் இருக்கக் கூடாது.

விவரமான கம்பெனி. உருப்படும்!