உட்காராததற்கு ஒரு சால்வை

செய்தி வந்தபோது நெசவாளர் சங்கத்தில் பட்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். சகுந்தலா அக்காவின் தம்பி வாசலிலேயே நின்று, "அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாங்க, எழுந்திருக்கல" என்றார். எங்கே போனார் என்று நான் கேட்டேன். என் புத்தி இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும், அக்கா நின்றுகொண்டேதான் கணக்கு எழுதுவார். அவ்வளவு சுறுசுறுப்பு என்று ஆண்டு விழாவில் தலைவர் சால்வை போர்த்தினார். திரும்பி வந்த அக்கா என் காதருகே, "உக்கார முடியாதவளுக்கு சால்வை போடறாங்கம்மா" என்றார்.

அவருக்குப் பெண்ணுறுப்பின் தோலில் நோய். வெள்ளைத் திட்டு, ஓயாத அரிப்பு, உட்கார்ந்தால் வெடிப்பு எரியும். இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். "நான் செத்தா தாராளமா சொல்லு, நாலு பேராவது டாக்டர்கிட்ட போவாங்க" என்று சொன்னவர் அவர். நானும் நின்றுகொண்டு வேலை செய்யத் தொடங்கியபோது, "என்னம்மா, உனக்கும் சால்வை வேணுமா?" என்று கேட்டவரும் அவர்தான்.

களிம்புக்கு அடங்காமல் போகவே மெட்ராஸில் அவருக்கு லேசர் வைத்தார்கள். ஒளியால் மேல்தோலைச் சுட்டு எடுப்பார்களாம். புண் ஆறும்வரை பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார், நீங்களும் பார்த்தீர்கள். குணமாகிவிட்டதா என்று கேட்டால் ஒரு நாள், "அரிப்பே இல்லம்மா" என்பார். இன்னொரு நாள், "திரும்பி வந்துகினு கீது போல" என்பார். எதை நம்புவது என்று நான் சலித்துக்கொண்டால், "அன்னன்னிக்கு ரெண்டும் நெசந்தான். நீ வா, நானே கூட வந்து டாக்டரம்மாகிட்ட பேசறேன்" என்பார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவரைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. சுற்றிலும் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் தண்ணீர் ஊற்றினேன். அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், லேசர் பலித்ததா என்று எனக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும் என்று தோன்றியது. பார்த்தேன். வெளுப்பு இருந்தது. அது நோயா, ஆறிய தழும்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லக்கூடியவர் என் கைத்தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்காகவா எனக்காகவா என்பதும் தெரியவில்லை.

நோய் வந்த புதிதில் டாக்டர் எங்கே அரிப்பு என்று கேட்டதற்கு, கூச்சப்பட்டு இடுப்பில் என்று சொல்லி, வருஷக்கணக்காக இடுப்புக்கே மருந்து தடவியவர் அக்கா. "எடத்தச் சொல்லும்மா. இடுப்புன்னா இடுப்புக்குத்தான் மருந்து குடுப்பாங்க" என்று சிரிப்பார்.

திங்கட்கிழமை மெட்ராஸ் பஸ்ஸில் தனியாகப் போகிறேன். லேசருக்குச் சம்மதமா என்றால் என்ன சொல்வேனோ, தெரியாது. எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான்.